ஷிப்ட் கிட் பொருத்திய பிறகு ஓவர்டிரைவ் விளக்கு கண் சிமிட்டுகிறது. வியாழக்கிழமை அம்மாவைக் கண்டிக்குக் கொண்டுபோக வேண்டும்

வந்தாறுமூலையான்:

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய வாகனம் 1997ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் சர்ஃப். 3 லீற்றர் 1கே.இசட். டீசல் எஞ்சின், நாலு கியர் ஓட்டோ. கியர்பொக்ஸ் ஏ340 குடும்பம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு இதை விலைக்குக் கேட்டுப் பலர் படலையடிக்கு வந்தார்கள். நான் கொடுக்கவில்லை. அம்மாவின் முழங்காலுக்கு ஏற்ற உயரத்தில் இருக்கை உள்ள வேறு வாகனம் என் கைக்கு எட்டும் விலையில் இல்லை.

அம்மாவுக்கு மாதம் ஒரு தடவை கண்டியில் கிளினிக். செங்கலடியில் திரும்பி மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை என்று போய்ப் பதினெட்டு வளைவு ஏறுவோம். அந்த ஏற்றத்தில்தான் முதலில் பிழை தெரிந்தது. இரண்டாம் கியரில் இருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது எஞ்சின் சத்தம் மட்டும் எழும்பும். வண்டி ஒரு கணம் தொய்ந்து போய், அதன் பிறகுதான் பிடிக்கும். கிளச் தட்டுகள் வழுக்கி வழுக்கித் தேய்கின்றன என்று விளங்கியது. பெட்டியைக் கழற்றி முழுதாகத் திருத்தப் பணம் இல்லை. தட்டுகள் முற்றாகக் கெடுவதற்கு முன், கியர்களுக்கு ஒயிலைப் பங்கிடும் வால்வு பொடிக்கு (valve body) ஒரு ஷிப்ட் கிட் போட்டால் காப்பாற்றலாம் என்று படித்து, வெளிநாட்டில் இருந்து எடுப்பித்தேன். ஸ்பிரிங்குகள், சில வால்வுகள், துளை பெருப்பிக்க ஒரு துரப்பண முனை, விளக்கத்தாள். அவ்வளவுதான்.

நானும் மச்சானும் வீட்டு முற்றத்தில் வைத்தே பொருத்தினோம். மச்சான் முச்சக்கரவண்டி திருத்துபவர், கை சுத்தமானவர். வால்வு பொடியைப் பழைய படுக்கை விரிப்பின் மேல் வைத்துப் பிரித்தோம். உள்ளே இருந்த சிறு உருண்டைகளை எடுக்கும்போது ஒவ்வொன்றின் இடத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டோம். காலையில் தொடங்கி மஃரிப் பாங்கு கேட்கும் நேரம் கியர்பொக்ஸின் அடியில் உள்ள ஒயில் தட்டை, அதாவது பானை (pan), பூட்டி முடித்தோம்.

முதல் ஓட்டம் மிக நன்றாக இருந்தது. கறுப்புப் பாலம் கடந்து கரடியனாறு வரைக்கும் ஒவ்வொரு கியரும் கதவு பூட்டுவதுபோலச் சட்டென்று விழுந்தது. அம்மா பக்கத்தில் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைத்தேன். கரடியனாறு தாண்டிப் புல்லுமலைக்குப் போகும் முன், ஓவர்டிரைவ் (நாலாம் கியர்) ஓஃப் விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது. மாடு கடக்கிறது என்று நிறுத்தி, மறுபடி எடுத்தபோது வண்டி நகர மறுத்தது. பாரம் ஏற்றிய வண்டிலை ஒற்றை மாடு இழுப்பதுபோல மெதுவாகப் புறப்பட்டது. ஓரம் கட்டி, சாவியை நிறுத்தித் திரும்பப் போட்டேன். விளக்கு அணைந்தது, சிறிது தூரம் ஓடியதும் திரும்ப வந்தது. வீட்டில் ஆறவிட்டு மறுநாள் காலை எடுத்தால் பிழையே இல்லை. இருபது கிலோமீற்றருக்குப் பிறகு அதே கதை.

இன்னொன்றும் இருக்கிறது. கியர் ஒயில் சூட்டைக் காட்டும் விளக்கு காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, படலையடி வாய்க்கால் பலகையில் சில்லு ஏறி இறங்கும் நேரத்தில் மின்னி மறைகிறது.

கராஜ் ஒன்றில் காட்டினேன். கிட் போட்டதால் ஒயில் அமுக்கம் கூடி, கியரை மாற்றும் கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது, கம்ப்யூட்டர் மாற்ற வேண்டும் என்றார்கள். கைத்தொலைபேசியோடு சேரும் சிறிய ஸ்கேனர் ஒன்றும் வாங்கினேன். அது இந்த வண்டியோடு பேசவே இல்லை. அடுத்த வாரம் வியாழக்கிழமை கிளினிக். பதினொரு நாள் இருக்கிறது. அம்மாவை வைத்துக்கொண்டு பதினெட்டு வளைவில் இந்த வண்டி நின்றுவிடக் கூடாது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.


படுவான்கரை விவசாயி:

தம்பி, என்னிடம் இதே எஞ்சினுடன் பிராடோ இருந்தது. கிட் போடச் சொன்னார்கள், நான் போடவில்லை. கம்பனி ஒரு அமுக்கத்தை வைத்திருக்கிறது என்றால் காரணத்தோடுதான் வைத்திருக்கும். போட்டதைக் கழற்றிப் பழைய ஸ்பிரிங்குகளையே திரும்பப் போடுங்கள், விளக்கு தானாக அணையும் என்பது என் எண்ணம். பழையவற்றை எறியவில்லையே? கண்டிப் பயணத்துக்கு இந்தத் தடவை வாடகை வானைப் பேசுங்கள். அம்மாவின் உடம்புதான் முதலில்.


சாய்ந்தமருது மெக்கானிக்:

தம்பி, கம்ப்யூட்டரை வாங்கிவிடாதீர்கள். கிட்டையும் கழற்ற வேண்டாம். படுவான்கரை அண்ணன் அக்கறையில் சொல்கிறார், ஆனால் இந்த விளக்கு ஸ்பிரிங்கைப் பார்த்து எரிவதில்லை.

நான் 26 வருடமாக ஓட்டோ கியர்பொக்ஸ் மட்டும் திருத்துகிறேன். ஷிப்ட் கிட் செய்வது முழுக்க ஒயில் சம்பந்தமான வேலை. துளை பெரிதானால் கிளச் பிஸ்டனுக்கு ஒயில் விரைவாக நிறையும், ஸ்பிரிங் மாறினால் அமுக்கம் மாறும். உங்கள் பழைய பெட்டியில் அந்த அமுக்கத்தை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்ல எந்தக் கருவியும் இல்லை. கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததெல்லாம் வயர்தான். கரண்ட் வந்தால் ஒயில் வழியைத் திறந்து மூடும் சொலினோயிட்டுக்கு அனுப்பிய கரண்ட் ஒழுங்காகப் போகிறதா, வேக சென்சரில் இருந்து செய்தி வருகிறதா என்று மட்டும் பார்க்கும். ஆகவே கிட்டைச் சந்தேகிக்காமல், கிட் போடும்போது நீங்களும் மச்சானும் எதை எதைத் தொட்டீர்கள், எதைக் கழற்றி ஒதுக்கினீர்கள் என்று யோசியுங்கள்.

ஸ்கேனர் தேவையில்லை. எஞ்சின் பக்கம் மூடி போட்ட ஒரு சிறிய சோதனைப் பெட்டி இருக்கும். மூடியின் உட்பக்கத்தில் ஒவ்வொரு துளைக்கும் பெயர் அச்சிட்டிருக்கும். சாவியை 'ஓன்' நிலையில் வையுங்கள், எஞ்சினை இயக்க வேண்டாம். கியர் கோலில் உள்ள ஓவர்டிரைவ் பொத்தான் அமர்ந்திருக்க வேண்டும், அதாவது விளக்கு எரியக் கூடாது. இப்போது டீஈ1 (TE1), ஈ1 (E1) என்ற இரண்டு துளைகளை மட்டும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். பெயரை இரண்டு தடவை பாருங்கள்; வேறு துளையில் குத்தினால் உண்மையாகவே கம்ப்யூட்டர் போய்விடும். ஓவர்டிரைவ் விளக்கு சிமிட்டும். நிறுத்தாமல் ஒரே சீராக, நொடிக்கு இரண்டு தடவை சிமிட்டினால் பிழை பதிவாகவில்லை. சில தடவை சிமிட்டி, ஒன்றரை நொடி நின்று, மறுபடி சிமிட்டினால் முதல் எண்ணிக்கை பத்தாம் இடம், அடுத்தது ஒன்றாம் இடம்.

42, 61 என்றால் வேக சென்சர்கள். 62 என்றால் முதலாம் சொலினோயிட், 63 என்றால் இரண்டாம் சொலினோயிட். 64 டோர்க் கன்வேர்ட்டரை, அதாவது எஞ்சின் விசையை ஒயில் வழியாகக் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் பகுதியை, பூட்டும் சொலினோயிட். அது பழுதானால் எண் பதிவாகுமே தவிர ஓடும்போது விளக்கு சிமிட்டாது. நீங்கள் சொன்ன குணத்தை வைத்து 62 வரும் என்று நினைக்கிறேன். காரணத்தையும் சொல்கிறேன். இந்தப் பெட்டியில் முதல் கியருக்கு முதலாம் சொலினோயிட் மட்டும் வேலை செய்யும், இரண்டாம் கியருக்கு இரண்டும், மூன்றாம் கியருக்கு இரண்டாவது மட்டும், நாலாம் கியருக்கு இரண்டுமே ஓய்வு. முதலாம் சொலினோயிட் செத்தால் ஒன்றும் இரண்டும் இல்லாமல் போய், நின்ற வண்டி மூன்றாம் கியரில் புறப்படும். உங்கள் ஒற்றை மாட்டு வண்டில் அதுதான்.

வேறு ஒரு பிழையும் உண்டு. இரண்டு சொலினோயிட்டின் வயர்களையும் மாற்றிக் கொழுவிவிடுவது. இரண்டின் தடையும் ஒன்று என்பதால் விளக்கு எரியாது. ஆனால் ஒன்று கேட்டால் மூன்று வரும், மூன்று கேட்டால் ஒன்று வரும். ஓடுகிற வண்டி திடீரென்று முதலாம் கியருக்கு விழும். உங்களுக்கு அது இல்லை, கரடியனாறு மட்டும் ஒழுங்காகப் போயிருக்கிறீர்கள்.

எண் கிடைத்ததும் பெட்டிப் பக்கத்தில் உள்ள சொலினோயிட் கொழுவியைக் கழற்றி, அந்தப் பின்னுக்கும் பெட்டி உடம்புக்கும் இடையில் மல்டிமீற்றரை வையுங்கள். இந்தச் சொலினோயிட்டுகளுக்கு ஒரு வயர்தான். எர்த் அதன் போல்ட் வழியாகப் போகிறது. 11 முதல் 15 ஓம் வர வேண்டும். மிகவும் முக்கியம்: குளிராக இருக்கும்போது ஒரு தடவை, விளக்கு சிமிட்டத் தொடங்கியதும் சூட்டோடு ஒரு தடவை. குளிரில் மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று மூடிவிட்டால் வியாழக்கிழமை வழியில் நிற்பீர்கள். சூட்டில் தடை கொஞ்சம் ஏறுவது இயல்பு. விழுந்தால் வயர் எங்கோ உடம்பில் முட்டுகிறது. மிகவும் ஏறினால் கொழுவியோ எர்த்தோ தளர்ந்திருக்கிறது. சொலினோயிட் போல்ட்டுக்கு அடியில் சிலிக்கோன் பூசினீர்களா? அதுவும் எர்த்தை மறிக்கும்.

சூடான புகைக்குழாயில் கை படாமல் பாருங்கள். சில்லுக்குக் கல் வைக்காமல் கீழே படுக்க வேண்டாம்.


வந்தாறுமூலையான்:

நானா, மிகப் பெரிய நன்றி. நேற்று இரவு மச்சானுடன் இருந்து பார்த்தேன். மச்சான் உள்ளே விளக்கைப் பார்த்து எண்ண, நான் வயரைப் பிடித்தேன். ஆறு சிமிட்டல், ஓர் இடைவெளி, இரண்டு சிமிட்டல். மூன்று தடவை எண்ணினோம். 62தான். வேறு எண் இல்லை.

இன்று காலை குளிரில் அளந்தேன். முதலாம் சொலினோயிட் 13.1 ஓம், இரண்டாவது 13.2. பார்த்தால் எல்லாம் சரி. நீங்கள் எச்சரிக்காவிட்டால் மூடியிருப்பேன். அதன் பிறகு கரடியனாறு போய், விளக்கு வந்ததும் ஒரு மருத மரத்து நிழலில் நிறுத்தி, சில்லுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து, எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே போனேன். இரண்டாவது 15 ஓம். முதலாவது 0.6. நான் படுத்துக்கொண்டே பானின் அடியை முஷ்டியால் தட்டினேன். எண் 13க்கு ஏறி, துடித்து, மறுபடி 0.6க்கு விழுந்தது. உள்ளே வயர் எங்கோ முட்டுகிறது என்று நானே கண்ணால் கண்டது போல இருந்தது.

பானைத் திரும்பக் கழற்ற வேண்டும், இல்லையா? சூட்டு விளக்குக்கும் இதுதான் காரணமா?


அம்பாறை வயறிங்:

சூட்டு விளக்கைப் பற்றி நான் சொல்கிறேன், சகோதரரே. காலைக் குளிரில், சில்லு குலுங்கும்போது மட்டும் மின்னுகிறது என்றால் ஒயில் சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த சென்சரின் வயர் தனி வயர், பானுக்கு வெளியே போகிறது. பானை இறக்கும்போது அதன் கிளிப்பைக் கழற்றித் தொங்கவிட்டு, திரும்ப மாட்ட மறந்திருப்பீர்கள். வயர் உடம்பிலோ புகைக்குழாய் மறைப்பிலோ உரசிக்கொண்டிருக்கும். பெட்டியில் இருந்து மேலே வயர் கட்டு வரைக்கும் கையால் தடவிக்கொண்டே போங்கள். கண்ணுக்குத் தெரியாத காயம் விரலுக்குத் தெரியும்.

பானுக்குள் இருக்கும் வயரைச் சாதாரண டேப்பால் சுற்றாதீர்கள். சூடான கியர் ஒயிலில் அந்தப் பசை கரைந்து, டேப் கழன்று பில்டர் வாயில் போய் ஒட்டும். ஒயிலும் சூடும் தாங்கும் வயர் என்று கேட்டு வாங்கி, வயர் சேரும் இடத்தை ஈயம் வைத்து ஒட்டி, அதே தரமான குழாய் உறை போடுங்கள். இதில் இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டாம்.


சாய்ந்தமருது மெக்கானிக்:

ஆம், பானைக் கழற்றத்தான் வேண்டும். வடியும் ஒயிலைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து அளந்து வையுங்கள், அதே அளவு புதிய ஒயில்தான் முதலில் ஊற்ற வேண்டும். வால்வு பொடியைத் தொடத் தேவையிருக்காது. பில்டரின் விளிம்பையும் ஒயில் குழாய்களின் அடியையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். வயர் அங்கேதான் நசுங்கும். பான் போல்ட்டுகள் சின்னவை, 7.4 நியூட்டன் மீற்றர் மட்டும். பலம் காட்டினால் அலுமினியப் புரி வழிந்துவிடும், பிறகு அழுது பயனில்லை.


வந்தாறுமூலையான்:

கண்டுபிடித்துவிட்டோம்.

ஞாயிறு காலை பானை இறக்கினோம். பானுக்குள் உலோகத் துகளைப் பிடிக்கும் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை மட்டும், துகள் இல்லை. முதலாம் சொலினோயிட்டின் வயர் பில்டர் விளிம்புக்கும் வால்வு பொடிக்கும் நடுவில் அகப்பட்டிருந்தது. மெழுகுதிரியை நகத்தால் அழுத்தினால் விழும் பள்ளம்போல உறையில் ஒரு பள்ளம். பள்ளத்தின் நடுவில் ஊசிமுனை அளவு செம்பு மினுங்கியது. குளிரில் உறை விறைத்து நின்று செம்பை விலக்கி வைத்திருக்கிறது, சூட்டில் இளகி உலோகத்தில் முட்டியிருக்கிறது. பில்டரைப் பூட்டியது நான்தான். அந்த நேரம் இருட்டிக்கொண்டு வந்தது, பாங்கு கேட்டது, முடித்துவிடுவோம் என்ற அவசரம். மச்சான் வெளிச்சம் போடுவோம் என்றார், நான் கேட்கவில்லை.

அம்பாறைச் சகோதரர் சொன்ன வகை வயரைக் களுவாஞ்சிகுடியில் ஒரு கடையில் வாங்கினோம். ஈயம் வைத்து, உறை போட்டு, பழைய கிளிப்பில் வழியை மாற்றிக் கட்டினோம். பில்டரைப் பூட்டும் முன் வயரை விரலால் இழுத்துப் பார்த்தோம், சுதந்திரமாக அசைந்தது. சூட்டு விளக்கின் வயரும் அவர் சொன்னபடியே கிளிப்பில் இருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தடவியபோது ஓரிடத்தில் சொரசொரத்தது. அதையும் மாற்றினோம். பற்றரியின் நெகட்டிவைக் கழற்றிப் பழைய பதிவை அழித்தோம்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் புல்லுமலை வரை போய் வந்தேன். சூட்டில் அளந்தபோது முதலாவது 15.1, இரண்டாவது 15. பானை எத்தனை தடவை தட்டினாலும் எண் அசையவில்லை.

நானா, ஏற்றத்தைப் பற்றி ஒரு கேள்வி. பதினெட்டு வளைவில் கியர் கோலை 'டி'யில் வைத்தே ஏறலாமா?


சாய்ந்தமருது மெக்கானிக்:

வேண்டாம் தம்பி. அந்த வளைவுகளில் வேகம் குறைவு, டோர்க் கன்வேர்ட்டர் பூட்டாது. சூட்டின் பெரும்பகுதி அங்கே, கன்வேர்ட்டருக்குள் ஒயில் கடையப்படுவதில்தான் பிறக்கிறது. ஷிப்ட் கிட் அதைக் குறைக்காது. மகியங்கனையைத் தாண்டி ஏற்றம் தொடங்கும் முன் ஓவர்டிரைவை நிறுத்துங்கள். வளைவுகளில் '2'இல் வையுங்கள், மிகவும் செங்குத்தான இடத்தில் 'எல்'. கியர் மேலும் கீழும் தேடி அலையாது. மேலே போனதும் எஞ்சினை உடனே அணைக்காமல் ஐந்து நிமிடம் 'பி'யில் ஓடவிடுங்கள், ரேடியேட்டர் ஒயிலைக் குளிர்விக்கட்டும். வசதி வந்தால் முன்பக்கம் தனியாக ஒரு ஒயில் கூலர் போடுங்கள். உங்கள் பாதைக்கு அது கிட்டைவிட அவசியம்.

ஒயில் மட்டத்தை ஒயில் 70, 80 பாகைச் சூட்டில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கியர் கோலை எல்லா இடத்துக்கும் ஒரு சுற்றுக் கொண்டுபோய்ப் 'பி'யில் விட்ட பிறகு பார்க்க வேண்டும். குளிரில் பார்த்து ஊற்றுபவர்கள் எப்போதும் கூட ஊற்றிவிடுகிறார்கள்.


படுவான்கரை விவசாயி:

கிட்டைக் கழற்றச் சொன்னது பிழை, தம்பி. வயர் என்று எனக்குத் தோன்றவில்லை. போய்ச் சேர்ந்ததும் எழுதுங்கள்.


வந்தாறுமூலையான்:

நேற்று இரவு திரும்பினோம். அதிகாலை நாலு மணிக்கு வெளிக்கிட்டு, மகா ஓயாவில் தேநீர் குடித்து, மகியங்கனையில் அம்மாவுக்கு இடியப்பம் கொடுத்து, ஓவர்டிரைவை நிறுத்திவிட்டு ஏறினோம். வளைவுகளில் '2', இரண்டு இடத்தில் 'எல்'. விளக்கு ஒன்றும் வரவில்லை. மேலே நிறுத்தி ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். அம்மா கதவைத் திறந்து கீழே தெரிந்த மகியங்கனைச் சமவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒயில் கோலைத் துடைத்துப் பார்த்தேன்: மட்டம் சூட்டுக் குறிக்குள், நிறம் சிவப்பு, கருகிய மணம் இல்லை.

டொக்டர் அடுத்த கிளினிக்கை இரண்டு மாதம் கழித்து வைத்திருக்கிறார். அதற்குள் கூலருக்குக் காசு சேர்த்துவிடுவேன். நானா, சாய்ந்தமருதுக்கே கொண்டுவந்தால் பொருத்தித் தருவீர்களா?


சாய்ந்தமருது மெக்கானிக்:

அல்ஹம்துலில்லாஹ். கொண்டு வாருங்கள் தம்பி, வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் இருப்பேன். ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் ஒரு தடவை பானை இறக்கிக் காந்தத்தைப் பார்க்க வேண்டும், அதையும் அன்றே செய்துவிடலாம். மச்சானையும் கூட்டி வாருங்கள். வெளிச்சம் போடச் சொன்ன கையை நான் பார்க்க வேண்டும்.